முதல் மிடறில் தீர்ப்பு வேண்டாம்

பழைய ஒயின் புட்டி ஒன்றைத் திறந்து, முதல் மிடறு குடித்த உடனேயே "அருமை" என்றோ "கெட்டுப்போய்விட்டது" என்றோ சொல்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அரை மணி நேரம் பொறுங்கள். முடிந்தால் ஒரு மணி நேரம். இருபது முப்பது ஆண்டுகள் இருட்டில், காற்றுப் படாமல் கிடந்த ஒன்று முதல் நிமிடத்தில் தன்னை முழுவதும் காட்டாது. பழைய ஒயினில் எனக்குப் பிடித்ததே அதுதான். திறந்ததிலிருந்து கடைசித் துளி வரை, ஒரே மாலைப்பொழுதுக்குள், மணமும் சுவையும் மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றத்தைக் கூடவே இருந்து பார்க்காதவர், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், அதில் பாதியைத்தான் குடித்தார் என்பேன்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். பழையபேட்டையில் வீடு, மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலை தெரியும். சென்னையில் கேட்டரிங் படித்துவிட்டுப் பயணக் கப்பல்களில் உணவு பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தேன். சில ஆண்டுகளில் ஒயின் பிரிவுக்கு மாற்றினார்கள். தலை நரைக்கும் வரை அதுவே என் தொழிலாயிற்று. விருந்தினர் கேட்ட புட்டியை எடுத்து வர வேண்டும். அவர் கண் முன்னால் தக்கையை எடுக்க வேண்டும். பழைய புட்டியாக இருந்தால் ஒரு சிறு மிடறு நானே குடித்துப் பார்த்து, குறை இல்லை என்று உறுதி செய்த பிறகே ஊற்ற வேண்டும். மாம்பழமும் புளியும் விற்கிற ஊரில் பிறந்த எனக்கு, பிரான்சின் போர்தோ பகுதியில் விளையும் சிவப்பு ஒயினையும், நுரைக்கும் ஷாம்பெயினையும் மிடறு மிடறாகக் கற்றுக்கொடுத்தது அந்த வேலைதான். அந்த நன்றி இன்றைக்கும் எனக்கு உண்டு.

எனக்கு மேலே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த மதீராத் தீவுக்காரர். பழைய புட்டி திறந்த மேசையை விட்டு எங்களை நகர விடமாட்டார். கிண்ணத்தில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் ஊற்றக் கூடாது, விருந்தினர் அவசரப்பட்டாலும் நாம் அவசரப்படக் கூடாது என்பது அவருடைய கட்டளை. அதன் பொருள் எனக்கு ஓர் இரவில் விளங்கியது. திருமண நாளைக் கொண்டாட வந்த ஒரு தம்பதி, 1982ஆம் ஆண்டு அறுவடையில் செய்த போர்தோ ஒன்றைக் கேட்டார்கள். போர்தோவில் கொண்டாடப்படும் ஆண்டுகளில் அது ஒன்று. ஊற்றியதும் கணவர் முகர்ந்து பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. பூட்டிக் கிடந்த அறையின் நெடி. எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். தலைவர் வந்து ஒரு மிடறு குடித்தார். ஒன்றும் பேசாமல் புட்டியைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, அவர்களுக்கு வேறு வெள்ளை ஒயினைத் தன் பொறுப்பில் ஊற்றச் சொன்னார். சூப் முடிந்தது, மீன் முடிந்தது. ஆட்டிறைச்சி வந்தபோது அதே பழைய புட்டியிலிருந்து மறுபடியும் ஊற்றினார். இப்போது தேவதாரு மரத்தின் மணம், உலர்ந்த பிளம், உடைத்த புகையிலை. அந்த மனிதர் புட்டியைக் கையில் வாங்கி, முன்பு கொண்டு வந்ததுதானா என்று முகப்புச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மனைவி அதற்குள் இரண்டாவது முறை கிண்ணத்தை நீட்டிவிட்டார்.

இதற்குக் காரணம் எளிமையானது. காற்றில்லாத புட்டிக்குள் கந்தகம் கலந்த சில சேர்மங்கள் தேங்கியிருக்கும். காற்றுப் பட்டுக் கிண்ணத்தில் சுழன்றால் அவை கலைந்து போய்விடும். ஆனால் எல்லா நெடியும் அப்படிப் போகாது. நனைந்த அட்டைப்பெட்டி, மழையில் ஊறிய சாக்கு, இந்த மணம் வந்தால் அது தக்கையால் வந்த கேடு. டிரைகுளோரோஅனிசோல் என்ற ஒரு சேர்மம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். காத்திருந்தால் அது குறையாது, இன்னும் தூக்கலாகத்தான் தெரியும். ஆகவே பொறுமைக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. இருபது நிமிடத்தில் நெடி குறைகிறதா, கூடுகிறதா? குறைந்தால் உட்காருங்கள். கூடினால் அந்தப் புட்டியை விட்டுவிடுங்கள்.

ஷாம்பெயினிலும் இப்படித்தான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஷாம்பெயின் என்றாலே தக்கை வெடிக்க வேண்டும், நுரை பொங்க வேண்டும், பொங்கி முடிவதற்குள் குடித்துவிட வேண்டும் என்று பழகிவிட்டோம். வயதான ஷாம்பெயின் அந்தக் கூச்சலையெல்லாம் தாண்டி வந்தது. கடந்த கார்த்திகையில், மழை பெய்து ஊரே குளிர்ந்திருந்த ஒரு மாலையில், நான் பத்திரப்படுத்தியிருந்த, போல் ரோஜே நிறுவனத்தின் 1996ஆம் ஆண்டு ஷாம்பெயினைத் திறந்தேன். அந்த ஆண்டு பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் திராட்சையின் சர்க்கரையும் புளிப்பும் ஒருசேர உயர்ந்திருந்தன. நீண்ட ஆயுளுக்கு அந்தப் புளிப்புதான் முதுகெலும்பு. கப்பல் வேலையின் கடைசி ஆண்டுகளில் சௌத்தாம்ப்டன் நகரத்துக் கடையொன்றில் வாங்கியது. அதுவரை இங்கிலாந்தின் குளிரில் நிலவறையில் இருந்த புட்டி.

வீட்டில் நானும் மனைவியும், தர்மபுரியிலிருந்து வந்திருந்த மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும் இருந்தோம். மைத்துனர் புளி வியாபாரி. குடிப்பழக்கம் உள்ளவர் அல்ல; ஆனால் மூக்கு கூர்மையானது. கிடங்குக்குள் நுழைந்த உடனே எந்த மூட்டையில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பழைய ஒயினுக்கு அவரைவிடச் சிறந்த துணை எனக்கு இந்த ஜில்லாவில் கிடையாது.

கம்பிக் கூட்டை அவிழ்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு புட்டியை மெல்லத் திருகினேன். சத்தம் வரவில்லை, ஒரு சிறு மூச்சு மட்டும் வந்தது. தக்கை சுருங்கி நேரான முளையாகிவிட்டிருந்தது. புதுத் தக்கையைப் போல அடியில் விரியவில்லை. நிறம் பழைய பொன். குமிழிகள் இருந்தன, மிக நுண்ணியவை, ஆங்காங்கே மேலெழுந்தன. மைத்துனர் முகர்ந்தார்.

"மாப்பிள்ளை, அடிபட்ட ஆப்பிள் வாசனை வருகிறதே. கெட்டுப்போய்விட்டதா?"

"இருக்கட்டும் மச்சான். கையிலேயே வைத்திருங்கள்."

அவர் சொன்னது சரிதான். அடிபட்டுப் பழுத்த ஆப்பிள், அதற்கு அடியில் மழைக்காலக் காளான், ஈரச் சுண்ணாம்பு. வாயில் வைத்தால் புளிப்பு மட்டும் தனியாக நின்றது. மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்த சோடாவில் உப்புப் போட மறந்த மாதிரி இருக்கிறது என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். நான் மறுக்கவில்லை.

அரை மணி கழித்து மறுபடியும் முகர்ந்தோம். ஆப்பிள் பின்வாங்கியிருந்தது. வறுத்த முந்திரி முன்னால் வந்தது, பின்னாலேயே உருக்கிய வெண்ணெய், ரொட்டியின் கருகிய ஓரம். மைத்துனரின் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார்: "இதில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை வருகிறது." வந்தது. ஏழரை மணிக்குத் தேன் வந்தது, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் வந்தது. முதலில் தனியாக நின்ற புளிப்பு இப்போது இவையெல்லாவற்றையும் தூக்கி நிறுத்தியது. நாக்கின் இரு ஓரமும் சுரந்துகொண்டே இருந்தன. கீழே வைத்த கிண்ணத்தை மனைவி தானாகவே கையில் எடுத்துக்கொண்டார்.

எட்டரை மணிக்குக் குமிழி அநேகமாக அடங்கிவிட்டது. குமிழி போனால் ஷாம்பெயின் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் அந்த நேரத்தில் எங்களோடு இருந்திருக்க வேண்டும். அப்போதுதான் அது முழுமையான ஒயினாக இருந்தது. குமிழியின் சிலுசிலுப்பு விலகியதும் உள்ளே இருந்த அகலம் தெரிந்தது. வாயிலிருந்து போன பிறகும் உப்புக் கலந்த ஒரு சுவை நெடுநேரம் தங்கியது. கடைசிக் கிண்ணம் சற்றுத் தளர்ந்துதான் இருந்தது; தேன் போய் மெழுகு வந்துவிட்டது. அதையும் குடித்தோம். ஏறியதைப் பார்த்தவர்கள் இறங்குவதையும் பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்றைக்கு மைத்துனர் சொன்ன ஒன்றை நான் பல புத்திசாலிகளிடம் கேட்டதில்லை. "இது என் கிடங்கில் நடப்பதுதான், மாப்பிள்ளை" என்றார். மாசி, பங்குனியில் வரும் புதுப்புளி செந்நிறமாக, நாக்கைக் கடிக்கும் புளிப்போடு இருக்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். வெளியே வைத்தால் மாதங்கள் போகப் போகக் கறுத்துக்கொண்டே வரும். சந்தையில் வெளுத்த புளிக்குத்தான் விலை. ஆனால் வீட்டுக்குக் குழம்பு வைக்க அவர் எடுத்துக்கொண்டு போவது ஓராண்டு கடந்த பழம்புளி. கடி போய், ஓர் ஆழம் வந்திருக்கும். வைத்தியர்கள் கேட்பதும் அதைத்தான்.

அவர் போகிற போக்கில் சொன்ன அந்த ஒப்புமை வேதியியலிலும் சரியாக இருக்கிறது. புளி கறுப்பதற்குக் காரணமான, சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் இடையிலான வினை, ஷாம்பெயின் புட்டிக்குள்ளும் மிக மெதுவாக நடக்கிறது. ஷாம்பெயினில் இரண்டாவது நொதித்தல் புட்டிக்குள்ளேயே நடைபெறுவது பலருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் உள்ளே 6 வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. நொதித்து முடிந்த ஈஸ்ட் செத்து வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலின் மேலேயே ஒயினைப் பல மாதங்கள், பல ஆண்டுகள் கிடத்துகிறார்கள். அறுவடை ஆண்டு குறிப்பிடாத சாதாரண ஷாம்பெயினே சட்டப்படி நிலவறையில் மொத்தம் 15 மாதம் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலின் மேல்; ஆண்டு குறிப்பிட்டது மொத்தம் 3 ஆண்டு. செத்த ஈஸ்ட் சிறுகச் சிறுகக் கரைந்து அமினோ அமிலங்களை ஒயினுக்குள் விடுகிறது. பிறகு வண்டலை நீக்கி, சிறிது சர்க்கரை கலந்த ஒயினால் நிரப்பி, தக்கை அடைக்கிறார்கள். அங்கிருந்துதான் வறுவல் மணத்தின் கதை தொடங்குகிறது. முந்திரி, காப்பி, ரொட்டி ஓரம் எல்லாம் யாரும் சேர்த்தவை அல்ல. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விளைந்தவை.

வண்டலை வெளியேற்றுவதும் ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. 1805இல் கணவரை இழந்து வியாபாரத்தைக் கையில் எடுத்த பார்ப்-நிக்கோல் கிளிக்கோ என்ற பெண்மணியின் நிலவறையில்தான், துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகி நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருகி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டு வரும் முறை உருவானது.

அதே நிறுவனத்தின் புட்டிகள் சில, பொறுமைக்கு நான் காட்டக்கூடிய மிகச் சிறந்த சாட்சியாக இருக்கின்றன. 2010ஆம் ஆண்டு பால்டிக் கடலில், பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்துத் தீவுகளுக்கு அருகில், ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் புட்டிகளை மூழ்காளர்கள் மீட்டார்கள். ஏறக்குறைய 170 ஆண்டுப் பழமை. இருட்டு, நடுங்கும் குளிர், அசைவின்மை. கடலின் அடி நல்லதொரு நிலவறையாக அமைந்துவிட்டது. ஷாம்பெயின் பகுதியிலுள்ள ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் பிலிப் ஜாந்தே தலைமையிலான குழு அவற்றை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்ததாம். இன்றைய புரூட் என்ற இனிப்புக் குறைந்த வகையில் 12 கிராமைத் தாண்டாது. ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த எண் அல்ல. ருசி பார்த்தவர்கள் முதலில் சொன்னவை: விலங்கு வாடை, நனைந்த ரோமம், பாலாடைக்கட்டி. கிண்ணத்தில் சுழற்றிக் காற்றுப் பட்ட பிறகு சொன்னவை: புகை, வறுவல், நறுமணப் பொருள், தோல், அவற்றோடு பழமும் பூவும். முதல் மிடறோடு நிறுத்தியிருந்தால் அந்தப் புட்டிகளைப் பற்றி உலகத்துக்கு என்ன செய்தி போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, நம் ஊரில் இதை எப்படிச் செய்வது என்று கேட்பவர்களுக்காக.

நீண்டு ஒடுங்கிய ஷாம்பெயின் கிண்ணம் வேண்டாம். அதில் மூக்குக்கு இடமில்லை. வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய சாதாரண வெள்ளை ஒயின் கிண்ணமே போதும். பனிக்கட்டி வாளியில் புட்டியை முக்கி வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மணம் எழாது. 10 முதல் 12 டிகிரி சரியாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, மழைக்காலமானால் சற்று அதிக நேரம், சித்திரையானால் குறைந்த நேரம் வெளியே வைத்தால் அந்த நிலைக்கு வந்துவிடும். பழைய சிவப்பு ஒயினாக இருந்தால் ஒரு நாள் முன்பே புட்டியை நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் இறங்கட்டும். வாய் அகன்ற குடுவையில் ஊற்றிக் காற்றாட விடும் பழக்கத்தைப் பழைய ஒயினுக்கு நான் ஆதரிப்பதில்லை. வயதான ஒயின் மொத்தமாகக் காற்றுப் பட்டால் ஒரு மணி நேரத்தில் களைத்துவிடக்கூடும். அதைவிட, கிண்ணத்தில் சிறிது சிறிதாக ஊற்றினால், ஒவ்வொரு முறையும் வேறொரு கட்டத்தைப் பார்க்கலாம்.

சேமிப்புதான் நமக்குப் பெரிய சவால். மனைவியோடு ரெய்ம்ஸ் நகரத்துக்குச் சென்றபோது, ரோமானியர் காலத்தில் சுண்ணக்கல் வெட்டியெடுத்த பள்ளங்களில் இறங்கிப் பார்த்தோம். மேலே கோடை, கீழே சால்வை போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் 10, 12 டிகிரியிலேயே நிற்கும் அறைகள் அவை. 2015இல் அந்தப் பகுதியின் மலைச்சரிவுகளையும் நிலவறைகளையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து திரும்பி, மே மாதத்துக் கிருஷ்ணகிரியில் இறங்கினால் என் கவலை புரியும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று பள்ளியில் படித்தோம். நம் ஊர் அலமாரியில் ஒரு கோடை இருந்த ஒயின் முதிர்வதில்லை, வேகிறது. சூளகிரி மேட்டைத் தாண்டி ஓசூர் போனால் காற்றே வேறு. அங்கேகூடக் கோடையில் வீட்டு அலமாரியை நம்ப மாட்டேன். நான் வைத்திருப்பது 13 டிகிரியில் நிற்கும் ஒரு சிறிய ஒயின் பெட்டி. மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டர் தாங்கும். வீட்டில் அதற்கென்று செலவழித்த பணத்தை நான் ஒருபோதும் வீண் என்று நினைத்ததில்லை.

எதைச் சேமிக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். உலகத்தில் விளையும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு ஆண்டுகளில் குடித்துவிட வேண்டியது. பழையதானால் எதுவும் உயரும் என்ற நம்பிக்கை தவறு. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த புட்டியைக் கண்ணாடி அலமாரியில் பொம்மைகளுக்கு நடுவே, டியூப்லைட்டுக்கு அடியில், ஆண்டுக்கணக்கில் நிற்க வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அன்பர்களே, இந்த வாரமே திறந்து குடித்துவிடுங்கள். நீண்ட நாள் வைக்கத்தக்கவை புளிப்போ, துவர்ப்போ, சர்க்கரையோ நிறைய உள்ளவை. நல்ல ஆண்டின் ஷாம்பெயின், போர்தோ, போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட், ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கில் விளையும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். ரீஸ்லிங் வயதானால் மண்ணெண்ணெய் மணம் வரும். ரேஷன் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் திடுக்கிட வேண்டாம். அது குறையல்ல, அந்த ஒயினின் பெருமை. நந்தி மலை அடிவாரத்தில் விளையும் குரோவர் நிறுவனத்தின் லா ரிசர்வ் சிவப்பு ஒயின் சில ஆண்டுகள் கழித்து மென்மையாகி நின்றதை நான் ருசித்திருக்கிறேன். நமக்குப் பக்கத்து மண்ணில் விளைந்தது என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

வாங்க வசதியுள்ளவர்களுக்கு ஒரு யோசனை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணி வரியின்றி 2 லிட்டர் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி இரண்டு. ஆண்டு குறிப்பிட்ட ஒரே ஷாம்பெயினில் இரண்டு வாங்குங்கள். ஒன்றை இப்போது திறந்து, என்ன மணம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மற்றதைப் பத்து ஆண்டு குளிரில் வைத்துத் திறக்கும்போது அந்தத் தாளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் புட்டி கிடைத்தால் அது இன்னும் நல்லது. தக்கை வழியே நுழையும் காற்று ஏறக்குறைய அதேதான், உள்ளே இருக்கும் ஒயினோ இரண்டு மடங்கு. ஆகவே நிதானமாக முதிரும்.

உணவில் மிளகாயை மட்டும் தள்ளி வையுங்கள். காரம் பட்ட நாக்கில் பழைய ஒயினின் பாதிப் பேச்சு விழாது. அன்றைக்கு நாங்கள் மொட்டுக் காளானை வெண்ணெயில் வதக்கி, மிளகைக்கூடத் தொட்டுக் காட்டினாற்போல் போட்டுச் சாப்பிட்டோம். தோல் நீக்கி வறுத்த நிலக்கடலை இருந்தது. கோழிக் குழம்பும் களியும் ஷாம்பெயின் முடிந்த பிறகு வந்தன.

குளிர்ப்பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு என்னிடம் முழுமனதோடு சொல்ல ஒரு பதில் இருக்கிறது: மதீரா. வெயில் கெடுக்க முடியாத ஒயின் அது, ஏனென்றால் வெயிலே அதை ஆக்கியது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதீராத் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொள்வது வழக்கம். வெப்ப மண்டலக் கடலைக் கடந்து, கப்பலின் அடித்தளத்தில் புழுங்கி வந்த ஒயின் கெடுவதற்குப் பதிலாக மேன்மையடைந்திருப்பதைக் கண்டார்கள். பிறகு தீவிலேயே வெப்பமூட்டிப் பக்குவப்படுத்தத் தொடங்கினார்கள். இன்றைக்கும் சாதாரண வகையைத் தொட்டிகளில் 45 முதல் 50 டிகிரி வரை மூன்று மாதங்களுக்குக் குறையாமல் சூடேற்றுகிறார்கள். உயர்ந்த வகையைக் கூரைக்கு அடியில் உள்ள அறைகளில் பீப்பாய்களில் வைத்து ஆண்டுக்கணக்கில் வெயிலே வேலை செய்ய விடுகிறார்கள். ஆண்டு குறிப்பிட்ட உச்ச வகை குறைந்தது 20 ஆண்டு பீப்பாயில் இருந்தாக வேண்டும்.

1792இல் திப்புவிடமிருந்து, எங்கள் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் சேர்ந்த பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்தபோது, நிலவரித் திட்டம் போட அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோவும் இந்தப் பகுதிக்கு வந்தார்கள். மன்றோ பல ஆண்டு தர்மபுரியில் வாழ்ந்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் இந்தியாவில் விரும்பிக் குடித்தது மதீரா. தர்மபுரிச் சாலையில் போகும்போதெல்லாம், இந்த வெயிலுக்கு ஏற்ற ஒயின் எதுவென்று அவர்கள் அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

என் தலைவர் மதீராவின் தலைநகரான ஃபுஞ்சாலில் கப்பல் நின்ற ஒரு பகலில் என்னைத் தன் ஊர்க்காரர் ஒருவரின் கிடங்குக்கு அழைத்துப்போய், பூவால் என்ற திராட்சையில் செய்த பழைய மதீரா ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். முகர்ந்ததும் எனக்கு வந்தது வெந்தயம். தயங்கித் தயங்கிச் சொன்னேன். பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்: வெந்தயத்தின் மணத்துக்குக் காரணமான சோட்டலோன் என்ற சேர்மமே பழைய மதீராவிலும் இருக்கிறது. நம் சமையலறையில் வளர்ந்த மூக்கு அந்தத் தீவுக்குப் போனாலும் பொய் சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சி இன்னும் எனக்குள் இருக்கிறது. நம் வெந்தயமும் புளியும் கருப்பட்டியும் பழகிய மூக்கோடு பழைய ஒயினிடம் வருகிறவர்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர் என்று என்னைப் பார்க்க வரும் இளைஞர்களிடம் சொல்கிறேன். அத்திப்பழம், காட்டுப் பழம் என்று புத்தகத்தில் பார்த்த பெயர்களைத் தேட வேண்டாம். உங்களுக்கு என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

தீபாவளிக்குத் திறந்த மதீரா புட்டி ஒன்று, தை பிறந்த பிறகும் என் மேசையில் அப்படியே நன்றாக இருக்கிறது. காற்றும் சூடும் ஏற்கெனவே பட்டது, அதோடு 19 சதவீத அளவுக்குச் சாராயச் சத்து. இனி அதை என்ன செய்துவிட முடியும்? இரவு உணவுக்குப் பிறகு சிறிய கிண்ணத்தில் கொஞ்சம், கூடவே வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டை. மைத்துனருக்கு நிப்பட்டுதான் பொருத்தமாகப் படுகிறது. இனிப்பு வேண்டாதவர்கள் செர்சியால் திராட்சையில் செய்ததை வாங்கலாம். அது இனிப்பு மிகக் குறைந்தது, உணவுக்கு முன்பு நன்றாக இருக்கும். மற்ற ஒயின்களைப் படுக்க வைக்கிறோம், மதீராவை மட்டும் நிமிர்த்தியே வையுங்கள். அதன் சாராயம் பல ஆண்டுகளில் தக்கையை அரித்துவிடும்.